பாட்டியின் உதவித்தொகையும் ‘கட்டாயமாயுமல்ல’ என்ற வசனமும்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன், தம்பி. குன்னூருக்குப் பக்கத்தில் உங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் ஒருவர் பேசியிருக்கிறார்: ஏழைக்கு உதவுவது விசுவாசியின் கடமை, சபையின் கடமை, அரசாங்கம் ஒருவரிடம் வரியாக வாங்கி இன்னொருவருக்கு இலவசமாகக் கொடுப்பது தர்மமே ஆகாது, ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல’ (வருத்தத்தோடோ கட்டாயத்தாலோ கொடுக்க வேண்டாம்) என்று அப்போஸ்தலர் பவுல் சொன்னதற்கு அது நேர் எதிர் என்று. உங்கள் பாட்டியோ முப்பத்தைந்து ஆண்டு தேயிலைக் கொழுந்து பறித்தவர். இப்போது ரேஷன் அரிசியிலும் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையிலும் வாழ்கிறார். பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு அந்த உதவித்தொகையும் இல்லை. மகன் திருப்பூரில் இருக்கிறான் என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். அந்த மகன் பணம் அனுப்புவதில்லை. அவருக்காகச் சபையில் கேட்டபோது, ‘அதையெல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்’ என்றார்களாம். கிறிஸ்தவம் அரசு நலத்திட்டங்களை ஏற்கிறதா என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மனதை அரிப்பது வேறு இரண்டு கேள்விகள் என்று நினைக்கிறேன். உங்கள் பாட்டி வெட்கப்பட வேண்டுமா? பக்கத்து வீட்டுப் பாட்டி யாருடைய பொறுப்பு? இவற்றுக்குப் பதில் சொல்ல முயல்கிறேன். மற்றது போகிற வழியில் வரும்.

நான் தென்னிந்தியத் திருச்சபையில் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். நீலகிரியில் மூன்று சேகரங்களில் (சபைத் தொகுதிகளில்) மொத்தம் பதினேழு ஆண்டுகள் பணி செய்தேன். பொருளாதாரம் படித்ததில்லை, எவ்வளவு வரி சரி, எந்தத் திட்டம் வீண் என்பதிலெல்லாம் என் சொல்லுக்குத் தனி மதிப்பு கிடையாது. வேதத்தை முறையாகக் கற்றிருக்கிறேன், ஏழைகளுக்கான சபையின் எளியோர் நிதியின் கணக்கை என் கையால் எழுதியிருக்கிறேன். இவ்விரண்டிலிருந்துதான் பேசுகிறேன்.

முதலில் அந்த வசனம். அது 2 கொரிந்தியர் 9-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமில் வறுமையில் வாடிய விசுவாசிகளுக்காக மக்கெதோனியா, அகாயா சபைகளில் பவுல் காணிக்கை திரட்டிக்கொண்டிருந்தார். ஒரு சபை இன்னொரு சபைக்குக் கொடுக்கும் அந்தக் காணிக்கையில் யாரையும் நெருக்கக் கூடாது, அவரவர் தம் மனதில் நியமித்தபடி கொடுக்கட்டும் என்கிறார். வரியைப் பற்றி அதே பவுல் பேசும் இடம் ரோமர் 13. அங்கே வரி செலுத்த வேண்டியவனுக்கு வரியைச் செலுத்துங்கள் என்கிறார். உற்சாகமாகச் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை எதையும் வைக்கவில்லை. காணிக்கைக்குச் சொன்ன வார்த்தையை வரிக்கு எடுத்துப் பொருத்துவது வசனத்தை அதன் இடத்திலிருந்து பிடுங்குவதாகும். இதில் எனக்கு ஐயம் இல்லை.

ஏழைக்குக் கொடுப்பது எப்போதுமே மனமுவந்த ஈகையாக மட்டும் இருக்க வேண்டும் என்பதும் வேதத்தின் போதனை ஆகாது. வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அவற்றை எளியவனுக்கும் பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) விட்டுவிடு என்று லேவியராகமம் 19 கட்டளையிடுகிறது. நிலக்காரன் விரும்பினால் விடலாம் என்று அங்கே இல்லை. கேத்திப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்கு தோண்டிய மறுநாள், மண்ணுக்குள் தங்கிவிட்ட சிறு கிழங்குகளைப் பொறுக்கப் பெண்கள் கூடையோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். சில தோட்டக்காரர்கள் விரட்டுவார்கள். சிலர் வேண்டுமென்றே இரண்டு வரிசையைச் சரியாகக் கிளறாமல் விட்டுவிடுவார்கள். மோசேயின் சட்டத்தின்படி பார்த்தால் விரட்டியவர் பிறர் சொத்தை எடுத்துக்கொண்டவர், ஏனென்றால் அந்த ஓரம் அவருடையதே அன்று. உபாகமம் 14 இன்னும் ஒரு படி மேலே போகிறது. மூன்றாம் ஆண்டின் தசமபாகத்தை, அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை, ஊர் வாசலில் வைக்க வேண்டும். ஆலயப் பணிக் குலத்தவனான லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். நம் சபைகளில் தசமபாகத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்காமல் ஒரு வருடம் கழிவதில்லை. இந்த மூன்றாம் ஆண்டுப் பங்கைப் பற்றி நீங்கள் எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்?

ஆக, ஏழையின் பங்கு என்று ஒன்று உண்டு, அதைச் சட்டம் போட்டு வாங்கிக் கொடுக்கலாம் என்பது வேதத்துக்குப் புதிதில்லை. ஆனால் அங்கிருந்து இன்றைய அரசாங்கத்துக்குத் தாவும்போது கவனமாக இருக்க வேண்டும். சங்கீதம் 72 ராஜாவுக்கான ஜெபம். கூப்பிடுகிற எளியவனை அவன் விடுவிக்க வேண்டும் என்கிறது. எரேமியா 22, சிறுமையானவனின் நியாயத்தை விசாரித்தான் என்பதற்காகவே யோசியா அரசனைப் புகழ்கிறது. இவை நீதி வழங்குவதைப் பற்றியவை. அரசன் வீடுவீடாக அரிசி கொடுக்க வேண்டும் என்று நேராகச் சொல்லவில்லை. அதனால்தான் வேதத்தை உண்மையாய் மதிக்கும் கிறிஸ்தவர்களே இதில் இரண்டு பக்கம் நிற்கிறார்கள். பவுல் எழுதிய காலத்தில் விசுவாசிகளுக்கு ஓட்டும் இல்லை, பதவியும் இல்லை. இன்று ஆள்பவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் நாம். அப்படியானால் ராஜாவுக்குச் சொன்னதில் நமக்கும் ஒரு பங்கு வந்து சேருகிறது. இது நான் வந்தடைந்த முடிவு. வசனம் என்று இதைச் சொல்ல மாட்டேன்.

அரசாங்கத்தின் களஞ்சியம் மாசற்றது என்றும் சொல்ல மாட்டேன். யோசேப்பு செழிப்பான ஏழு ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைத்துப் பஞ்சத்தில் எகிப்தைக் காப்பாற்றியதை ஞாயிறு பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆதியாகமம் 47-ஐ யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. பஞ்சம் நீண்டபோது அந்த மக்கள் தானியத்துக்காக முதலில் பணத்தைக் கொடுத்தார்கள், பிறகு ஆடுமாடுகளை, பிறகு நிலத்தை, கடைசியில் தங்களையே பார்வோனுக்கு அடிமைகளாகக் கொடுத்தார்கள். பசியைத் தீர்த்த கையே நிலத்தையும் எடுத்துக்கொண்டது. உங்கள் கூட்டத்தில் பேசியவர் அஞ்சுவது இதைத்தான் என்றால், அந்த அச்சத்துக்கு வேதத்தில் ஆதாரம் உண்டு.

வரலாற்றிலும் இந்த இரண்டு குரல்களும் சேர்ந்தேதான் வருகின்றன. நான்காம் நூற்றாண்டில், பின்னாளில் செசரியாவின் பேராயரான பசீலியு, 369-ஆம் ஆண்டையொட்டிய பஞ்சத்தின்போது செல்வரின் களஞ்சியங்களைத் திறக்கவைத்தார். நீ பூட்டிவைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது என்ற பொருளில் அவர் செய்த பிரசங்கங்கள் இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. பின்னர் நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் அவர் கட்டிய பெரிய இல்லத்தைத் திருச்சபையின் தூய ஈகைக்கு உதாரணமாகக் காட்டுவது வழக்கம். ஆனால் அவர் பராமரித்த ஏழைகளுக்காகப் பேரரசர் வாலன்ஸ் நிலம் கொடுத்தார் என்று பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் தியோதோரேத்து எழுதியிருக்கிறார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு கிறிஸ்தவத்தைக் கைவிட்ட பேரரசர் ஜூலியன், இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று வெட்கப்பட்டு, கோவில் பூசகர்கள் மூலம் அரசுத் தானியத்தை வழங்க உத்தரவிட்டதாக ஒரு கடிதம் இருக்கிறது. அது அவருடையதுதானா என்று ஐயப்படும் அறிஞர்களும் உண்டு. அது உண்மையானால், சபையின் ஈகையைப் பார்த்து ஒரு அரசு பாடம் கற்றது என்று பொருள்.

1891 எனக்குப் பிடித்த ஆண்டு. அந்த மே மாதம் பதின்மூன்றாம் லியோ திருத்தந்தை தொழிலாளர் நிலையைப் பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். நியாயமான கூலி தொழிலாளியின் உரிமை, எளியவரைக் காக்க அரசு தலையிடலாம், தலையிடவும் வேண்டும் என்றார். அதே ஆண்டு நவம்பரில் ஆம்ஸ்டர்டாமில், கால்வினின் சீர்திருத்தத் திருச்சபை மரபில் வந்த ஆபிரகாம் கைப்பர், தொழிலாளருக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று வாதாடினார். ஆனால் அரசின் பண உதவியை மிகக் குறைந்த அளவில் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தொழிலாளி தன் காலில் நிற்கும் வலுவை இழப்பான் என்றும் சொன்னார். பின்னாளில் நெதர்லாந்தின் பிரதமராகவே இருந்தவர் அவர். கத்தோலிக்கத் திருச்சபையும் 1931-இல், கீழ்மட்டக் குழு செய்யக்கூடியதை மேல்மட்டம் பறித்துக்கொள்ளக் கூடாது என்ற விதியை வகுத்தது. ஆகவே கூட்டத்தில் பேசிய உங்கள் நண்பர் தனியாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு மரபு இருக்கிறது. ஆனால் அந்த மரபின் பெரியவர்கள் அரசின் கையைக் கட்டச் சொல்லும் முன் நியாயமான கூலியைக் கேட்டார்கள். கூலியைக் கேட்காமல் உதவித்தொகையை மட்டும் குறைசொல்லும் பேச்சுக்கு அவர்கள் பொறுப்பாளிகள் ஆகமாட்டார்கள்.

கூலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு டிசம்பரில், கிறிஸ்துமஸ் சேலை வழங்கும் வரிசையில் எஸ்டேட்டிலிருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் நின்றார். கையில் 500 ரூபாய் கவரையும் ஒரு சேலையையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, ‘ஐயரே, என் கிராஜுவிட்டி எப்போது வரும்?’ என்று கேட்டார். நான்கு ஆண்டுகளாக வரவில்லை. எஸ்டேட் தொழிலாளருக்கான லயன் வீட்டையும் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அப்போது நடப்பிலிருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பணிக்கொடையை 30 நாட்களுக்குள் கொடுத்திருக்க வேண்டும், தாமதித்தால் வட்டியோடு கொடுத்திருக்க வேண்டும். எனக்கு அது அப்போது தெரியாது. அத்தனை கிறிஸ்துமஸ்களில் நாங்கள் கொடுத்த சேலைகளையெல்லாம் சேர்த்தாலும் அவருக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு மூலைக்கு ஆகாது. தொழிலாளர் துறைக்கு மனு எழுதி, மூன்று முறை அலைந்து, பதினான்கு மாதத்தில் பணம் வந்தது. வயலை அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு நிருபத்தில் எத்தனை முறை வாசித்திருப்பேன்! அந்தக் குரல் என் வரிசையில் சேலைக்காக நின்றது எனக்குக் கேட்கவில்லை. அன்று முதல் எளியோர் நிதிக்கு வரும் ஒவ்வொருவரிடமும், உங்களுக்கு யாராவது ஏதாவது தரவேண்டியிருக்கிறதா என்று முதலில் கேட்கத் தொடங்கினேன்.

அந்த நிதியின் அளவையும் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தில் எடுக்கும் காணிக்கை அது. 120 குடும்பங்கள் இருந்த சேகரத்தில் மாதம் 3,000 ரூபாயைத் தாண்டியது அரிது. பெண்கள் சங்கத்தார் பிடி அரிசி சேர்த்துத் தருவார்கள். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கேரட்டும் முட்டைக்கோசும் விற்ற பணத்தில் ஒரு பகுதி வரும். எங்கள் பட்டியலில் பதினான்கு பேர். உங்கள் பாட்டி வாங்கும் 1,200 ரூபாயை எங்கள் நிதியிலிருந்து கொடுப்பதென்றால் இரண்டு பேருக்குக் கொடுக்கலாம், மூன்றாமவருக்குப் பாதி. மாவட்டம் முழுக்க அதைக் கொடுக்க எந்தச் சபையாலும் முடியாது. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தருவதற்காக 1968-இல் அரசு தேயிலை பயிரிடத் தொடங்கியதே, இன்றைய டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்), அந்த வேலைக்கும் காணிக்கைப் பை போதாது.

பணம் பற்றாததைவிட எனக்கு வலித்தது அந்தப் பட்டியல். அதில் யார் பெயர் இருந்தது? ஒழுங்காக ஆலயம் வந்தவர்கள், கமிட்டியில் யாருக்காவது உறவானவர்கள், கேட்கத் தெரிந்தவர்கள். ஒரு விதவை வேறொரு சபைக்குப் போகத் தொடங்கினார் என்று அவர் பெயரை அடித்தார்கள். அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. அப்போஸ்தலர் 6-இல் நடந்ததும் இதுவேதான். எருசலேம் சபையின் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள். பெந்தெகொஸ்தே நாளில் பரிசுத்த ஆவியைப் பெற்ற சபை, அப்போஸ்தலர்கள் கண் முன்னால், சொந்த மொழிக்காரரை முதலில் பார்த்தது. அவர்கள் ஏழு பேரை நியமித்தார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே ஆட்களை எடுத்தார்கள் என்று பலர் விளக்குகிறார்கள், எனக்கும் அப்படியே தோன்றுகிறது. படகர், தாயகம் திரும்பியவர், மலையாளி, இருளர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காரும் நம் மலைச் சபைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பகுதி வேறு கிடையாது.

அரசின் பட்டியலும் ஆட்களை விடுகிறது. கொழுந்து பறித்துத் தேய்ந்துபோன விரலை ரேஷன் கடை இயந்திரம் ஏற்காமல் கடைக்காரரோடு மன்றாடும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதைவிட ஆழமான விடுதல் ஒன்று 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில் இருக்கிறது. பட்டியல் சாதிக்குரிய உரிமைகள் 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் நீட்டிக்கப்பட்டன. தலித் கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. ஒரே லயனில், ஒரே சாதியில் பிறந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று ஞானஸ்நானம் பெற்றதால் அந்த உரிமையை இழக்கிறது. அரசின் உதவி வேண்டாம் என்று மேடையில் சொல்வது எளிது. நம் சபைகளில் பெரும்பாலோர் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் என்பதை மறந்துதான் அப்படிச் சொல்ல முடியும்.

இதனால் அரசு போதும் என்று ஆகிவிடாது. 2009 நவம்பரில் மலை சரிந்த இரவில் எங்கள் ஆலயக் கூடத்தைத் திறந்தோம். கம்பளியும் சுடுகஞ்சியும் கொடுத்தோம். யாரும் கார்டு காட்டவில்லை, யார் எந்தச் சாமி கும்பிடுகிறார் என்று கேட்கவில்லை. அந்த இரவில் எந்த மனுவும் எந்த அலுவலகத்துக்கும் போயிருக்க முடியாது. ஆனால் வீடு இழந்தவர்கள் பட்டாவுக்கும் புதிய வீட்டுக்கும் பிறகு அலைந்தபோது எங்கள் கஞ்சி உதவவில்லை. எவ்வளவு நீதியான அரசிலும் அன்பின் பணி தேவைப்படும் என்று பதினாறாம் பெனடிக்ட் திருத்தந்தை 2005-இல் எழுதினார். அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் அது சரி என்று படுகிறது.

இனி உங்கள் பாட்டி. அவர் வாங்குவது பாவம் இல்லை, பிச்சையும் இல்லை. சோப்பு வாங்கும்போதும் தீப்பெட்டி வாங்கும்போதும் அவரும் வரி கட்டியிருக்கிறார். முப்பத்தைந்து ஆண்டு அவர் பறித்த கொழுந்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்திருக்கிறது. ‘வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது’ என்ற வசனத்தை யாராவது எடுத்தால், மனதில்லாதவன் என்ற சொல்லை நிறுத்தி வாசிக்கச் சொல்லுங்கள். முடியாதவரைப் பற்றிப் பவுல் அப்படிச் சொல்லவில்லை. 1 தீமோத்தேயு 5-ஐயும் வாசியுங்கள். சபை தாங்க வேண்டிய விதவைகளுக்கு அங்கே ஒரு பட்டியலே இருக்கிறது. அதில் சேர்வதற்கான வயது அறுபது. நம் முதியோர் உதவித்தொகைக்கும் வயது அறுபதுதான்.

அதே அதிகாரம் பக்கத்து வீட்டுப் பாட்டியின் வழக்கையும் பேசுகிறது. பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் முதலில் அவர்கள் பார்க்க வேண்டும் என்று பவுலும் சொல்கிறார், வட்டாட்சியர் அலுவலகமும் சொல்கிறது. பிள்ளை பார்க்காவிட்டால்? பவுல் அவனை அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறார். அந்தக் கண்டிப்பைச் சபைதான் அவனிடம் கொண்டுபோக வேண்டும். அரசின் பக்கம் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் மறுபடி மனு கொடுப்பது. மகன் ஆதரிக்கவில்லை என்பதைத் தெளிவாக எழுதி, முன்பு தள்ளிய ஆணையின் நகலையும் இணையுங்கள். அங்கே நகராவிட்டால் திங்கட்கிழமை ஊட்டி கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மற்றது, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் மகனை அழைத்து விசாரித்து, மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாமல் பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிடலாம். மூதாட்டியால் போக முடியாவிட்டால் அவர் அனுமதித்த வேறொருவர் அவருக்காக மனு செய்யலாம். மகன் மீது வழக்கா என்று அவர் தயங்குவார், எல்லாத் தாய்மாரும் தயங்குவார்கள். அவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். நான் வழக்கறிஞன் இல்லை என்பதால், மனுவை எழுதும் முன் மாவட்ட இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இவை முடிய மாதங்கள் ஆகும். அதுவரை அவருடைய அரிசிக்கும் மருந்துக்கும் உங்கள் சபையைக் கேளுங்கள். அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று மறுபடி சொன்னால், அரசாங்கம் பார்க்கவில்லை என்பதற்கான ஆணை நகலை மேசையில் வையுங்கள். கூட்டத்தில் பேசிய நண்பரையும் உடன் அழையுங்கள், சபைதான் தாங்க வேண்டும் என்று சொன்னவர் அவர் அல்லவா. இன்னொன்று: மனுவில் மகனின் திருப்பூர் முகவரி வேண்டும். பாட்டிக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்கள் சபையிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்குப் போன பிள்ளைகள் சிலராவது இருப்பார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.